ஆளா, உடலா?

ஓர் இளம் வக்கீல், 'ஹேபியஸ் கார்ப்பஸ் என்பதைச் சரியாக எப்படிச் சார் உச்சரிப்பது?' என்று கேட்டார். கோர்ட்டுக்குள் நீங்கள் சொன்னதுதான் சரி என்றேன்.

பழைய ரோமாபுரியில் அதை ஏறக்குறைய 'ஹபெயாஸ் கொர்ப்புஸ்' என்றிருப்பார்கள். லத்தீனுக்கு இன்று குறைந்தது மூன்று வாய்கள். இங்கிலீஷ்காரருக்கு 'சிசரோ'. பூசை வைக்கும் இத்தாலியப் பாதிரியாருக்கு 'சிச்செரோ'. அந்த மனுஷன் காலத்து ரோமர்களுக்கு 'கிக்கெரோ'. டேப் ரிகார்டர் இல்லாமல் எப்படித் தெரியும் என்கிறீர்களா? கிரேக்கர்கள் அவர் பெயரை எழுதும்போது, 'க' ஒலிக்கான கப்பா எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். சீஸரும் 'கைஸர்'தான். ஜெர்மன்காரர்கள் அதை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நம் ஹைகோர்ட்டில் போய் ரோமானிய உச்சரிப்பில் வாதாடினால் ஜட்ஜ் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பார். தேவையா?

உச்சரிப்பை விட்டுவிடலாம். மொழிபெயர்ப்பை விட முடியாது. அரசியல் சட்டத்தின் 32-வது பிரிவில் ஐந்து ரிட்டுகள் இருக்கின்றன. அவற்றில் 'க்வோ வாரன்டோ'வைப் பாடப்புத்தகத் தமிழில் 'தகுதி முறை வினவும் நீதிப்பேராணை' என்கிறார்கள். மூச்சு வாங்குகிறது. போகட்டும், அர்த்தமாவது வந்ததா? லத்தீனில் அது ஒரு கேள்வி: 'எந்த அதிகாரத்தின் பேரில்?' (வாரன்டோ அசல் லத்தீன்கூட இல்லை. ஜெர்மானியச் சொல்லுக்கு ஒட்டிய லத்தீன் வால்.) 'யாரைக் கேட்டுய்யா இந்த நாற்காலியில உக்காந்தே?' என்று அதட்டுவதை, இன்டர்வியூவில் சர்ட்டிஃபிகேட் பார்ப்பது மாதிரி ஆக்கிவிட்டார்கள்.

ஆனால், 'ஆட்கொணர்வு' என்ற சொல்லைப் படைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு. லத்தீனை வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்தால், 'நீ உடலை வைத்திருக்கவேண்டும்' என்று வரும். சிறை வைத்தவனைப் பார்த்து, ஆளோடு வந்து நில் என்பது உத்தரவு. நம் பேப்பரில் 'உடல்' என்று வந்தால் கதை முடிந்தது என்று பொருள். 'உடல்கொணர்வு மனு' என்று எந்தத் தாய் கையெழுத்துப் போடுவாள்? 'ஆள்' என்றதும் உயிர் வந்துவிடுகிறது. லத்தீனில் இல்லாத நம்பிக்கை அது.

1976 மார்ச்சில், எமர்ஜென்ஸியின்போது, கோழிக்கோடு எஞ்சினீயரிங் மாணவர் ராஜனை போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அப்பா ஈச்சர வாரியர் இந்திப் பேராசிரியர். அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட், எமர்ஜென்ஸியில் இந்த மனுவெல்லாம் செல்லாது என்று நாலுக்கு ஒன்று கணக்கில் தீர்ப்பளித்தது. எதிர்த்த அந்த ஒருவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா. எமர்ஜென்ஸி முடிந்ததும், 1977-ல் வாரியர் கேரள ஹைகோர்ட்டில் ஹேபியஸ் கார்ப்பஸ் போட்டார். நாங்கள் பிடிக்கவே இல்லை என்றது அரசு. கோர்ட் நம்பவில்லை, கொண்டுவந்து நிறுத்து என்றது. முதலமைச்சர் கருணாகரன் ராஜினாமா செய்தார். பையன் காவலிலேயே இறந்துவிட்டதாக அப்புறம்தான் ஒப்புக்கொண்டார்கள்.

வாரியர் 2006-ல் காலமானார். அதுவரை ஆளும் வரவில்லை, உடலும் வரவில்லை.