பம்ப்செட் கொட்டகைக்குத் தெரிஞ்சது லீனியர் வரைபடத்துக்குத் தெரியலையே

ஹாம் ரேடியோக்காரர்கள் ஆம்ப்ளிஃபையரை 'லீனியர்' என்றுதான் சொல்வார்கள். நூறு வாட் ரேடியோவிலிருந்து வரும் சிக்னலை நானூறு வாட் வரைக்கும் ஏற்றித் தரும் பெட்டி. நம்ம நாட்டில் ஜெனரல் உரிமத்துக்கு உச்ச வரம்பே அந்த 400 வாட்தான். இந்தப் பெட்டியை ஆன் பண்ணுகிற முதல் அரை வினாடியில் என்ன நடக்குது, அதைச் சமாளிக்க நம்ம கையில் சுற்றிக்கொண்டிருக்கும் வரைபடங்கள் எந்த அளவுக்குச் சரி என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிடறேன். கையிலிருந்து கைக்கு வரும் 'சாஃப்ட் ஸ்டார்ட்' வரைபடங்களில் பெரும்பாலானவை ஒழுங்கான கரண்ட்டை மனதில் வைத்து வரைந்தவை. கரண்ட் ஒரு தடவை வரும், ராத்திரி வரை இருக்கும், நாம அணைத்தால்தான் போகும் என்கிற ஊருக்கு அவை சரி. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களுக்கு அவை போதாது. அதைவிட வேடிக்கை, போதுமான பதில் ஏற்கெனவே பாகூர் வயல்வெளியில் ஒவ்வொரு மோட்டார் கொட்டகையிலும் தகரப் பெட்டிக்குள் தொங்குது.

முதல் அரை வினாடி

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமா. ஆன் பண்ணும்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் பசியோடு வருகிறார்கள்.

முதல் ஆள் டிரான்ஸ்பார்மர். ஏசி அலை பூஜ்யத்தைத் தாண்டும் கணத்தில் சுவிட்ச் விழுந்தால், இரும்புக்குள் காந்தப் பாயம் வழக்கமான உச்சத்தைப் போல இரண்டு மடங்குக்குப் போகப் பார்க்கும். போன தடவை அணைத்தபோது மிச்சம் இருந்த காந்தம் அதோடு சேர்ந்துகொள்ளும். இரும்பு அவ்வளவு தாங்காது, நிறைந்துவிடும். நிறைந்த பிறகு பிரைமரி சுற்று வெறும் செம்புக் கம்பிதான். 1 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் பிரைமரி 1 ஓம், வீட்டு வயரிங்கும் போஸ்ட்டிலிருந்து வரும் கம்பியும் சேர்ந்து இன்னொரு 1 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்க. 230 வோல்ட்டின் உச்சம் 325. அதை 2 ஓமால் வகுத்தால் 160 ஆம்பியருக்கு மேல். வளைய வடிவ டொராய்டு என்றால் இடைவெளியே இல்லாத இரும்பு, இன்னும் மோசம்.

இரண்டாவது ஆள் ஃபில்டர் கெபாசிட்டர். 2500 வோல்ட்டில் 40 மைக்ரோஃபாரட் என்றால் 125 ஜூல். காலியாக இருக்கும் கெபாசிட்டர் முதல் கணத்தில் ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான் நடந்துகொள்ளும். அந்த 125 ஜூலையும் முதல் சில சுற்றுகளில் இழுக்கப் பார்க்கும். அடி விழுவது டயோடுகளுக்கு.

மூன்றாவது ஆள் வால்வின் ஃபிலமென்ட். 813 வால்வுக்கு 10 வோல்ட், 5 ஆம்பியர். ஆனால் குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை சூட்டில் இருப்பதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான். அதனால் முதல் கணத்தில் பல மடங்கு ஓடும். பழைய குண்டு பல்பு எப்போதும் சுவிட்ச் போடும்போதுதானே ஃபியூஸ் ஆகும்? அதே கதை.

இதற்கு மருந்தும் எல்லோருக்கும் தெரிஞ்சதுதான். பிரைமரியோடு தொடரில் ஒரு ரெசிஸ்டர், பிறகு அதை ஒரு ரிலே ஷார்ட் பண்ணிவிடும். 47 ஓம் போட்டால் 160 ஆம்பியர் 7 ஆம்பியருக்குக் கீழே வந்துவிடும். பிரைமரி பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 40 மைக்ரோஃபாரட் சுமார் 2400 மைக்ரோஃபாரட் மாதிரி தெரியும். அதோடு 47 ஓமைப் பெருக்கினால் 0.11 வினாடி. டயோடுகள் அலையின் உச்சியில் மட்டுமே கடத்துவதால் இன்னும் கொஞ்சம் நீளும். எப்படியும் ஒரு வினாடி தாராளம்.

இதுவரை சண்டை எதுவும் இல்லை. அந்த ரிலேவுக்கு யார் உத்தரவு கொடுப்பது என்பதில்தான் சண்டை.

மூன்று வரைபடங்கள், மூன்று குறைகள்

முதலாவது, ரெசிஸ்டருக்குப் பதில் ஒரு என்டிசி தெர்மிஸ்டர். ரிலேயே கிடையாது. குளிரில் 10 ஓம், சூடானதும் ஒரு ஓமுக்கும் கீழே. மலிவு, இரண்டு கால், வேலை முடிஞ்சுது. ஆனால் 10 ஓம் என்று எழுதியிருப்பது 25 டிகிரிக்கு. சித்திரை மாதம் மதியம் தகர ஷீட் போட்ட அறையில் 40 டிகிரி இருந்தால் அது 6 ஓம் பக்கம் இறங்கியிருக்கும். அது கூடப் பரவாயில்லை. கரண்ட் போய் ஐந்து வினாடியில் திரும்பி வந்தால்? தெர்மிஸ்டர் இன்னும் சூட்டில்தான் இருக்கும், ஆற ஒரு நிமிஷமாவது வேணும். காவல்காரர் தூங்கும்போது திருடன் வந்த கதை. மேலும் எஸ்எஸ்பியில் பேசும்போது இழுக்கும் மின்னோட்டம் சொல்லுக்குச் சொல் ஏறி இறங்கும். தெர்மிஸ்டரின் மின்தடையும் அதன் பின்னாலேயே அலையும். ஏற்கெனவே தள்ளாடும் வோல்டேஜை இன்னும் தள்ளாட வைக்கும் வேலை.

இரண்டாவது, டைமர். ஒரு கெபாசிட்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர். இரண்டு வினாடி கழித்து ரிலே இழுக்கும். நம்ம ஊரில் அதிகம் பார்க்கிற வகை இதுதான். இதில் இரண்டு ஓட்டை. அரை வினாடி கரண்ட் கண் சிமிட்டினால், டைமர் கெபாசிட்டர் காலியாகாமலேயே இருக்கும், சில கட்டமைப்புகளில் ரிலே விடக்கூடச் செய்யாது. டிரான்ஸ்பார்மர் மட்டும் புதிதாக ஆரம்பிக்கும், ரெசிஸ்டர் இல்லாமல். இரண்டாவது ஓட்டை இன்னும் ஆபத்து, ஏன்னா அது சத்தம் போடாது. ரெசிஸ்டர் ஒரு நாள் உள்ளுக்குள் அறுந்து போனது என்று வைத்துக்கொள்வோம். டைமருக்கு அது தெரியாது. இரண்டு வினாடி கழித்து வழக்கம் போல ரிலே 'டக்' என்று விழும், லீனியர் ஓடும். நமக்குப் பாதுகாப்பு இருக்கிற மாதிரியே இருக்கும். உண்மையில் ஒவ்வொரு தடவையும் முழு அடியும் நேரடியாக விழுந்துகொண்டிருக்கும்.

மூன்றாவது, வோல்டேஜைப் பார்த்து இழுக்கும் ரிலே. 230 வோல்ட் காயிலை ரெசிஸ்டருக்குப் பின்னால், பிரைமரிக்கு நேராகக் கட்டிவிடுவார்கள். கெபாசிட்டர் நிறைய நிறைய பிரைமரி வோல்டேஜ் ஏறும், போதுமான அளவு வந்ததும் ரிலே தானாக இழுக்கும். கொள்கை அளவில் மூன்றில் இதுதான் அறிவாளி. ரெசிஸ்டர் அறுந்தால் ரிலே இழுக்கவே இழுக்காது. உள்ளே டயோடு ஷார்ட் ஆகியிருந்தாலும் வோல்டேஜ் ஏறாது, ரிலே இழுக்காது. நேரத்தை நம்பாமல் நிலைமையைப் பார்த்து முடிவெடுக்குது.

ஆனால் பாகூரில் இது தோற்கும் இடமும் அதே காயில்தான். ஏசி ரிலே பொதுவாக 80 சதவீதத்தில் இழுக்கும், அதாவது 184 வோல்ட். 813 இரண்டின் ஃபிலமென்ட்டும் மற்ற இழப்புகளும் சேர்ந்து சும்மா இருக்கும்போதே அரை ஆம்பியர் எடுக்கும். 47 ஓமில் அது 23 வோல்ட்டைத் தின்னும். போஸ்ட்டில் 230 இருந்தால் 206 மிஞ்சும், ரிலே இழுக்கும். விதிப்படி வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது என்று 1956-லேயே எழுதியாச்சு. ஆனால் நாற்று நடும் பருவத்தில் சுற்றுவட்டார மோட்டார் எல்லாம் ஓடும்போது கடைசி போஸ்ட் வீட்டில் அந்த விதியைத் தேடிப் பாருங்க. 200 இருந்தால் ரெசிஸ்டருக்குப் பின்னால் 177. ரிலே இழுக்காது. லீனியர் மங்கலாக ஓடிக்கொண்டே இருக்கும், ரெசிஸ்டர் 12 வாட் சூட்டில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் யாராவது மைக்கை அழுத்தினால் ஒரு ஆம்பியருக்கே 47 வாட், இரண்டு ஆம்பியருக்கு 188 வாட். போட்டிருப்பதோ 25 வாட் ரெசிஸ்டர்.

கரண்ட் திரும்பி வரும் நேரம்

இதெல்லாம் ஏட்டுச் சண்டை இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறி, 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்தது. ஹாம் ரேடியோவுக்கு அர்த்தம் இருக்கிறது என்று நாம சொல்லிக்கொள்வது இந்த மாதிரி நாட்களை வைத்துத்தான்.

புயலில் கரண்ட் போவது பெட்டிக்கு ஆபத்து இல்லை. திரும்பி வரும் விதம்தான் ஆபத்து. வரும், போகும், பத்து வினாடியில் மறுபடி வரும். வரும்போது ஊரில் உள்ள ஃபிரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும், வோல்டேஜ் சரிந்து ஏறும். எங்காவது நியூட்ரல் கம்பி அறுந்திருந்தால், 230 வரவேண்டிய வீட்டில் 300, 400 வோல்ட் வரைக்கும் போகலாம். சாஃப்ட் ஸ்டார்ட் இதற்கு மருந்தே இல்லை. மெதுவாக 400 வோல்ட் கொடுத்தாலும் 400 வோல்ட்தான்.

1970-களில் வந்த ஹீத்கிட் எஸ்பி-220 இன்றைக்கும் பல நாடுகளில் ஓடுது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அதில் சாஃப்ட் ஸ்டார்ட்டே கிடையாது. வாங்கினவர்கள்தான் பிற்பாடு தனிக் கிட் வாங்கி மாட்டினார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், அது விற்ற ஊரின் கரண்ட் அப்படி. அந்த ஊருக்கு எழுதின மருந்துச் சீட்டை மாற்றாமல் நாம இங்கே சாப்பிடுவதுதான் குறை.

தகரப் பெட்டியின் பாடம்

இப்போது மோட்டார் கொட்டகைக்கு வருவோம். பச்சை பட்டன், சிவப்பு பட்டன். பச்சையை அழுத்தினால் உள்ளே இருக்கும் காயில் இழுத்து, தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் காயில் விட்டுவிடும். திரும்பி வந்தாலும் மோட்டார் தானாக ஓடாது, யாராவது போய்ப் பச்சையை அழுத்தணும். எலக்ட்ரீஷியன்கள் இதை 'நோ-வோல்ட் காயில்' என்பார்கள். பெரிய மோட்டார் என்றால் ஸ்டார்-டெல்டா. முதலில் ஸ்டாரில் கிளப்பும்போது நேரடியாகக் கிளப்புவதில் மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டம்தான் ஓடும், வேகம் பிடித்ததும் டெல்டா. லீனியர்காரர்கள் 'ஸ்டெப் ஸ்டார்ட்' என்று பெருமையாகச் சொல்வதன் அண்ணன் அது.

ராத்திரி கரண்ட் வரும்போது எழுந்து போக முடியாது என்று விவசாயிகள் 'ஆட்டோ' மாட்டி இந்தப் பாதுகாப்பைத் தாண்டுவது உண்டு. அவர்களுக்குக் காரணம் இருக்கு, பயிர் காயும். லீனியருக்கு அந்தக் காரணம் கிடையாது. ஆள் முன்னால் உட்காராமல் 2500 வோல்ட் பெட்டி தானாக உயிர் பெறுவது யாருக்கும் நல்லதில்லை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் சொல்லவே வேண்டாம்.

ஆகவே என் கணக்குப்படி ஒழுங்கான அமைப்பு இது:

முதலில் பச்சை-சிவப்பு பட்டனோடு ஒரு கான்டாக்டர், ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் வெட்டும்படி. கான்டாக்டர் 85 சதவீதத்துக்கு மேல், அதாவது 195 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் நிச்சயமாக இழுக்கும். அதற்குக் கீழே இழுக்கலைன்னா கவலைப்படாதீங்க, அந்த வோல்டேஜில் லீனியரைக் கிளப்பாமல் இருப்பதே நல்லது. கரண்ட் கண் சிமிட்டினால் கான்டாக்டர் விழும், மறுபடி நாம அழுத்தும்வரை டைமரும் கெபாசிட்டரும் நிதானமாகக் காலியாகும். முதல் இரண்டு வரைபடங்களின் பெரிய ஓட்டை இதிலேயே அடைபடுது.

பிறகு மூன்றாவது வரைபடத்தின் ரிலே, ஆனால் காயிலை மாற்றி. பிரைமரியில் 140 வோல்ட் வந்தால் இழுக்கிற மாதிரி அமைத்தால், 190-க்குச் சரிந்த வேளையிலும் அது நடுவில் மாட்டிக்கொள்ளாது. மிச்சம் இருக்கும் அடி சின்னது, இரும்பும் அதற்குள் காந்தச் சுழற்சிக்குள் வந்திருக்கும்.

அதே ரிலேயின் இன்னொரு கான்டாக்ட் வழியாகத்தான் டிரான்ஸ்மிட் கம்பி போகணும். ரெசிஸ்டர் இன்னும் வழியில் இருந்தால் மைக்கை அழுத்தினாலும் லீனியர் எழாது. இந்த ஒரு கம்பிக்குச் செலவு ஒன்றும் இல்லை, ஆனால் நான் பார்த்த வரைபடங்களில் அதிகம் விடுபடுவது இதுதான்.

ரெசிஸ்டரின் முதுகில் ரைஸ் குக்கரில் இருக்கிற மாதிரி ஒரு தெர்மல் ஃபியூஸ். அது அறுந்தாலும் ரிலே இழுக்காது என்பதால் ஆபத்தில்லை. இதையே டைமர் அமைப்பில் போட்டால் முன்னே சொன்ன மௌன ஓட்டையைத்தான் நாமே உருவாக்குவோம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்னால் வோல்டேஜ் கூடினாலும் குறைந்தாலும் வெட்டும் ஒரு கட்-ஆஃப். ஏசி ஸ்டெபிலைசரில் இருக்கும் அதே சங்கதி. நியூட்ரல் அறுந்த நாளுக்கு அது ஒன்றுதான் துணை.

'பேசாமல் பெரிய எம்சிபி போட்டுட்டா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சி வகை 16 ஆம்பியர் எம்சிபி 80-க்கும் 160-க்கும் நடுவில் எங்கோ உடனடியாக விழும். அது விழுவது நம்மைத் தொந்தரவு பண்ண இல்லை, சேதி சொல்ல. அதை மாற்றுவதும் ஃபியூஸ் கட்டையில் தடிமனான கம்பி சுற்றுவதும் ஒரே குணம்தான்.

இந்த விமர்சனத்துக்கு நியாயமான எதிர்வாதம் ஒன்று இருக்கு. புயல் நாளில் நமக்குத் தேவை லீனியரே இல்லை, 7 மெகாஹெர்ட்ஸில் நூறு வாட்டும் ஒரு கார் பேட்டரியும் தாழ்வாகக் கட்டிய கம்பியும் இருந்தால் சுற்றியுள்ள மாவட்டங்களை எட்டிவிடலாம் என்பது. ஒத்துக்கொள்கிறேன், அன்றைக்கு லீனியரின் பிளக்கைப் பிடுங்கி வைப்பதே முதல் பாதுகாப்பு. ஆனால் பிளக்கைப் பிடுங்க மறந்த வீட்டில், ஆள் பாதுகாப்பு முகாமுக்குப் போயிருக்கும் நேரத்தில், கரண்ட் மூன்று தடவை வந்து போகும்போது பெட்டி என்ன செய்யணும் என்பதையும் வரைபடம் யோசித்திருக்கணும். மோட்டார் கொட்டகையின் தகரப் பெட்டி அதை யோசித்திருக்கு.

உங்க லீனியரில் எந்த வகை இருக்கு என்று ஒரு தடவை மூடியைக் கழற்றிப் பாருங்க. பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர் காலியானதை மீட்டரில் உறுதி பண்ணிட்டு அப்புறம் கை வைங்க.