கட்சிகளின் அகக் கணிப்பும் சப்ரகமுவத் தோட்டங்களும்

தேர்தற் காலத்துக் கருத்துக்கணிப்புக்கள் இருவகைப்படும். பத்திரிகைகளில் வெளிவருவது ஒன்று; கட்சி தன்பொருட்டுச் செய்வித்துத் தன்னுள்ளேயே வைத்துக்கொள்வது மற்றொன்று. பின்னையதனை அகக் கணிப்பு எனலாம். (வெற்றி காட்டும் அகக் கணிப்பு மட்டும் எவ்வாறோ பத்திரிகைக்குக் கசிந்துவிடும்.) 1960ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலிலே கென்னடி, லூயி ஹாரிஸ் என்பாரைக் கொண்டு இம்முறையை விரிவாகக் கையாண்டார். எங்கே பேசுவது, எதனைப் பேசுவது, எவ்வூரைக் கைவிடுவது என்பன இதனால் முடிவு செய்யப்படும். இறுதியிற் கூறியதே ஈண்டு ஆராயத்தக்கது.

வள்ளுவர் ஒற்றாடல் அதிகாரத்தில், ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராயவும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல் ஒத்தவிடத்தே அதனைத் தெளியவும் பணிக்கின்றார். அகக் கணிப்பும் ஒருவகை ஒற்றே. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் அஃது எங்ஙனம் தொழிற்படும்?

நுவரெலியாவிற் போலன்றி, இங்கே தோட்டத் தமிழர் சிங்கள ஊர்களினிடையே சிதறி வாழ்கின்றனர். மாவட்டமொன்றில் 1,000 பேரை முறைப்படி தெரிந்து வினவினால், பிழை ஏறக்குறைய நூற்றுக்கு 3 அளவினது. அவருள் தோட்டத்தார் 60 பேர் எனக் கொள்வோம். அவர்களைப் பற்றிய முடிபிற் பிழை நூற்றுக்கு 13 அளவுக்கு ஏறும். 50 எனக் கண்டது 37 ஆகவும் இருக்கலாம், 63 ஆகவும் இருக்கலாம். அந்த அறுபதின்மர்தாம் யாவர்? விடியலில் இறப்பர்ப் பால் வெட்டவும் கொழுந்தெடுக்கவும் சென்றோரைப் பகலில் லயத்திற் காண்டல் அரிது. சிங்களத்தில் வினவின் விடை சுருங்கும். தோட்டத் தலைவர் அருகே நிற்பின் விடை அவருடையதாகிவிடும்.

ஆகவே எளிய வழியொன்று கைக்கொள்ளப்படுகின்றது. சம்பளத்திற் கழிக்கப்படும் தொழிற்சங்கச் சந்தாவை எண்ணி, அதனையே வாக்கெனக் கணக்கிடுதல் அது. சம்பளப் பிணக்குக்காகச் சங்கத்திற் சேர்ந்தவர் வாக்கையும் அங்கேயே அளிப்பார் என்பதற்கு ஆதாரம் யாது? மூவர்க்கு விருப்பு வாக்களிக்க இடமுள்ள இன்றைய முறையில் ஒரு வீட்டு வாக்கே பலவாய்ப் பிரியும். பட்டியலை நம்பிக் கெட்டதற்குச் சான்று பழையது. 1936இல் ‘லிற்றரரி டைஜெஸ்ற்’ என்னும் அமெரிக்க இதழ், பெரிதும் தொலைபேசியும் மோட்டார் வண்டியும் உடையோர் பட்டியலைக் கொண்டு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டி, ரூஸ்வெல்ற் தோற்பார் என்றது. அவரோ 48 மாநிலங்களுள் 46இல் வென்றார். அதே ஆண்டிலே கேகாலை மாவட்டத்து றுவன்வெல்லையில் என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1934–35 மலேரியாக் கொடுமையின்போது அப்பகுதி மக்களிடையே துயர்துடைப்புப் பணி புரிந்தவர் அவர். மக்களை அறியப் பட்டியல் அவருக்கு வேண்டியிருக்கவில்லை.

1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் பெற்ற 7 ஆசனங்களுள் சப்ரகமுவத்துக்கு ஒன்றேனுமில்லை. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் இம்மக்களுட் பெரும்பாலார் குடியுரிமையும் வாக்கும் இழந்தனர். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் எஞ்சியோரும் குடிகளாயினர். வாக்கற்றவரை வேட்பாளர் வினவாததில் வியப்பில்லை. வாக்குடையாரையும் ‘சங்கத்தின் கணக்கில்’ எழுதி ஒதுக்கிவிட்டால், லய வாழ்வும் காணியுரிமையும் எம்மேடையில் எவராற் பேசப்படும்?

மாலையில், தலைவர் இல்லாவிடத்து, தமிழ்ப் பெண்ணொருத்தி பெண் தொழிலாளரைத் தனியே வினவுதல் ஒன்று. இளைஞரை வேறொருவர் வினவுதல் ஒன்று. தோட்டத்தை விட்டுக் கொழும்பில் உழைப்போரை வினவுதல் மற்றொன்று. இம்மூன்றும் ஒத்தால் வள்ளுவர் விதி நிறைவேறும். 2024 பொதுத் தேர்தலில், தேசிய மக்கள் சக்தியின் சார்பில் சுந்தரலிங்கம் பிரதீப் இரத்தினபுரியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். அவர் பெற்றவற்றுள் தோட்டத்து வாக்கெத்தனை என்பதை எச்சந்தாப் பட்டியலும் கூறாது.