பிரெஞ்சு வினைவடிவங்களின் அசைப்பிரிப்பும் அழுத்தமும்: தமிழ் யாப்பு, புணர்ச்சி நோக்கில் ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகள் பலவற்றில் பிரெஞ்சு ஒரு மொழிப்பாடமாகப் பயிலப்படுகிறது. அதன் வினைவடிவங்களைத் தமிழெழுத்தில் எழுதிப் பயிலும் முறை எளிதெனத் தோன்றினும், எழுத்தோடு தமிழின் அசையியல்பும் உடன்வந்துவிடுகிறது என்பதே அதன் அடிப்படைக் குறை.

இராணிப்பேட்டை மாவட்டத்துக் 'கலவை' என்னும் ஊர்ப்பெயரைத் தமிழ் யாப்பு 'கல/வை' என நிரைநேராக அலகிடும். இணைந்த இரு குறில்கள் ஓரசையாகும். பிரெஞ்சிலோ ஒலிக்கும் உயிர் ஒவ்வொன்றும் தனியசை: க-ல-வை. வசித்தற்பொருள் வினையின் முன்னிலைப் பன்மை வடிவமாகிய 'அபித்தே'யும் யாப்பில் நிரைநேரே. பிரெஞ்சில் அது அ-பி-தே என மூவசை. உயிரிடைத் தனித் தகரம் தமிழில் மெலிந்தொலிக்குமாதலின் அதனை இரட்டித்து எழுத நேர்கிறது. அவ்விரட்டிப்போ, உயிரீறாய் நிற்கவேண்டிய 'பி' என்னும் அசையை ஒற்றால் அடைத்துவிடுகிறது.

புணர்ச்சியில் இரு மொழிகளும் ஓரளவு ஒத்துச் செல்கின்றன. மெய்யின்மேல் உயிர் வந்து ஒன்றுதல் இரண்டிற்கும் பொது. 'அவன் வசிக்கிறான்' என்பதற்குரிய 'இல்', 'அபித்' என்னும் இரண்டும் சேர்ந்து இ-ல-பித் என்றாகும். ஆனால் தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர்வரின் இரட்டும் என்னும் நன்னூல் நெறி பழகிய நாவு 'இல்லபித்' என்றே கூறும். பன்மையில் இல்-ஸ-பித் என ஒலிப்புடை ஸகரம் ஒன்று தோன்றும். ஒருமைக்கும் பன்மைக்கும் வினையீறு எழுத்தில் வேறுபடினும் ஒலியில் வேறுபடுவதில்லை. அந்த ஸகரமே ஒருவனையும் பலரையும் பிரித்துக் காட்டுகிறது. 'வசிக்கிறான்', 'வசிக்கிறார்கள்' என ஈற்றில் எண்ணுணரும் தமிழ் மாணவர் பிரெஞ்சில் அதனைச் சொற்களின் சந்தியில் கேட்கப் பழகவேண்டும்.

அழுத்தத்தைக் கற்பிக்கையில் ஆங்கிலத்தை அளவுகோலாக்குவதும் பொருந்தாது. ஆங்கில அழுத்தம் சொல்லுக்குரியது; பிரெஞ்சு அழுத்தம் சொற்றொடர்க்குரியது. 'இலபித்' என்று நிறுத்தினால் அழுத்தம் 'பித்' மேல் விழும். வினாவாக மாறி அ-பித்-தில் என்றாகும்போது பின்வந்த பதிலிப்பெயர் அதனை ஏற்கும். 'அவன் கலவையில் வசிக்கிறான்' என்பது இ-ல-பி-தா-க-ல-வை என ஒரே மூச்சில் ஏழசையாகும். வினை அழுத்தம் இழக்க, 'வை' அதனைப் பெறும்.

ஆகவே வினைவடிவங்களைத் தனித்தனியே பட்டியலிட்டு அழுத்தக்குறி இடுதல் பயனற்றது. தொடரை முழுமையாக ஒலித்து, அசை பிரித்து, ஈற்றசையை எடுத்தொலிக்கப் பயிற்றுவதே தக்கது. அங்கே தமிழ்ப் புணர்ச்சியறிவு தொடக்கத்திற்குத் துணையாகும். இரட்டித்தலும் நிரையசைப் பழக்கமும் விலக்கப்படவேண்டும்.