தட்சுமியின் கோடுகளும் எரிக் கூவின் திரையும்

எரிக் கூ தம் முதல் முழுநீளப் படத்தை எடுப்பதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே படக்கதைப் புத்தகம் வெளியிட்டவர். 1989இல் வந்த ‘அன்ஃபார்ச்சுனேட் லைவ்ஸ்’ சிங்கப்பூரின் தொடக்ககாலக் கிராஃபிக் நாவல்களில் ஒன்று. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் கான் விழாவையும் கலாசாரப் பதக்கத்தையும் முதலில் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஏனென்றால் அவருடைய நல்ல படங்களும் சறுக்கிய படங்களும் ஒரே கேள்விக்குள் அடங்கும்: காகிதத்தில் கற்றதைத் திரைக்கு எப்படிக் கொண்டுவந்தார்?

அவருக்கு ஆதர்சமாக இருந்தவர் ஜப்பானின் யொஷிஹிரோ தட்சுமி. சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸையும் இரும்புக்கை மாயாவியையும் படித்து வளர்ந்த தமிழருக்குப் படக்கதை என்றாலே சாகசம்தான். தட்சுமியிடம் சாகசம் கிடையாது. 1957இல் தம் பாணிக்குக் ‘கெகிகா’ என்று பெயரிட்ட இந்த ஒசாகாக்காரர், போருக்குப் பிந்தைய ஜப்பான் வேகமாக வளர்ந்தபோது அந்த வளர்ச்சியில் இடம் கிடைக்காதவர்களை வரைந்தார். ஆலைத் தொழிலாளி, ஓய்வுபெறப்போகும் குமாஸ்தா, பாலியல் தொழில் செய்யும் பெண். இன்னொரு வளரும் நகரத்தில் இருந்த இளம் எரிக் கூவை இது பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

அந்தக் கடனை அவர் 2011இல் ‘தட்சுமி’ என்ற அனிமேஷன் படத்தால் தீர்த்தார். திரைக்கதை, இயக்கம் இரண்டும் அவருடையவை, தயாரிப்பாளர்களிலும் ஒருவர். நமக்குப் பக்கத்திலிருக்கும் பாத்தாமில் அனிமேஷன் வேலை நடந்தது. எண்ணூறு பக்கங்களுக்கு மேல் நீளும் தட்சுமியின் சுயசரிதை ‘எ டிரிஃப்டிங் லைஃப்’, கூடவே அவருடைய ஐந்து சிறுகதைகள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கோத்து, நடுவே தட்சுமியையே பேசவைத்தார்.

இந்தக் கோப்பு ‘நரகம்’ கதையில் முழுமையாகப் பலிக்கிறது. ஹிரோஷிமாவில் சுவரில் பதிந்த ஒரு நிழலை ஒருவன் படம் பிடிக்கிறான். தாயின் தோளைப் பிடித்துவிடும் மகன் என்று உலகம் அதைச் சமாதானச் சின்னமாக்குகிறது. உண்மையில் அந்த நிழல் ஒரு கொலையின் தடயம். தட்சுமியின் கோட்டை மெருகேற்றாமல், கரடுமுரடாகவே அசையவிட்டதால் அந்த உண்மை நம் முகத்தில் வந்து மோதுகிறது. திறமையான ஸ்டுடியோ ஒன்று அந்தக் கோட்டைத் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கும்.

ஆனால் குறைகளும் கனமானவை. தட்சுமியின் சுயசரிதையில் உயிரோடிருப்பது படக்கதைத் தொழில்: வாடகை நூலகங்களுக்காகப் படக்கதை அச்சிட்ட பதிப்பாளர்கள், இளம் ஓவியர்களின் போட்டி, தெசுகா என்ற மேதையின் நிழல், அண்ணன் தம்பிக்கு இடையிலான உரசல். படத்தில் இவை துணுக்குகளாகச் சுருங்கிவிட்டன. ஐந்து கதைகளும் ஒவ்வொன்றாய் நம்மை நசுக்கி முடிகின்றன. புத்தகத்தில் வாசகன் பக்கத்தைத் திருப்பாமல் சற்று நிற்கலாம். திரை அவனை நிற்க விடுவதில்லை. அந்த மூச்சுவிடும் இடத்தைப் படத்தொகுப்பில் உருவாக்குவது தழுவலாளரின் வேலை. தட்சுமியின் கதைகளில் பெண்கள் பெரும்பாலும் ஆசையாகவோ சுமையாகவோ வருகிறார்கள், ‘குட்பை’ கதை மட்டும் விலக்கு. எரிக் கூ இதைக் கேள்வி கேட்கவே இல்லை. பக்தி அவர் கையைக் கட்டிவிட்டது.

பக்தி இல்லாத இடத்தில்தான் அவர் தட்சுமியின் உண்மையான மாணவர். ‘ட்வெல்வ் ஸ்டோரீஸ்’ (1997) ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புளோக்கின் கதை. இறந்த வளர்ப்புத் தாயின் வசையோடு வாழும் சான் சான், சீனாவிலிருந்து வந்த மனைவியிடம் அவமானப்படும் ஆ கூ, தங்கையைக் கண்காணித்தே நிலைகுலையும் அண்ணன். தற்கொலை செய்துகொண்ட ஓர் இளைஞனின் ஆவி ஓசையின்றி எல்லா வீடுகளுக்குள்ளும் போய்வருகிறது. ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே சுவர். மார்சிலிங்கில், ஜொகூர் பாலத்தை நோக்கி நிற்கும் புளோக்குகளில் வாழ்பவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தாழ்வாரத்தில் தலையசைத்துக் கடந்துபோகும் அண்டைவீட்டாரின் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது நமக்கும் தெரியாது.

‘மை மேஜிக்’ (2008) தமிழில் பேசுவதால் அதை எடைபோடும் பொறுப்பு நமக்குக் கூடுதல். கான் போட்டிப் பிரிவில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர்ப் படம் தமிழ்ப்படம் என்பது சிறிய செய்தியல்ல. குடிக்கு அடிமையான முன்னாள் மந்திரவாதி, மகனுக்காக மீண்டும் கண்ணாடியைத் தின்கிறான், உடம்பில் ஊசி ஏற்றுகிறான், கடைசியில் பணத்துக்கு அடிவாங்குகிறான். வலியை விற்கும் அந்த உடம்பு அப்படியே தட்சுமியின் மனிதன். நிஜ வாழ்விலும் மந்திரவாதியான பாஸ்கோ ஃபிரான்சிஸ் அதற்குத் தம் பருத்த உடலையே கொடுத்தார். இறுதிப் பகுதி கண்ணீரை வலிந்து இழுக்கிறது. குடிகாரத் தமிழன் என்ற படிமம் உறுத்துகிறது. அந்த உறுத்தலை நான் மறைக்கப்போவதில்லை. இருந்தும் அந்தத் தந்தைக்கு மகனிடம் இருக்கும் வெட்கம் உண்மையானது. அதை வேறெந்தச் சிங்கப்பூர்ப் படமும் நம் மொழியில் அதற்குமுன் இவ்வளவு நெருங்கிக் காட்டவில்லை என்றே நினைக்கிறேன்.

தயாரிப்பாளராக அவர் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ராய்ஸ்டன் டானின் ‘15’, ‘881’, பூ ஜுன்ஃபெங்கின் ‘சேண்ட்கேஸல்’ ஆகியவற்றுக்கு அவருடைய சாவ் வெய் ஃபிலிம்ஸ் துணை நின்றது. அடுத்த தலைமுறைக்கு வழிவிட்ட மூத்தவர் என்ற பெயர் அவருக்குத் தகும்.

தீர்ப்பு இதுதான். படக்கதையைத் தழுவியவர் என்ற வகையில் எரிக் கூவுக்குப் பாதி வெற்றி. ‘தட்சுமி’ நேர்மையான காணிக்கை, முழுமையான படம் அல்ல. படக்கதையிடம் பார்வையைக் கற்றவர் என்ற வகையில் இந்நகரில் அவருக்கு இணை இல்லை. அதற்குச் சான்று ‘ட்வெல்வ் ஸ்டோரீஸ்’. அடுத்து, குறைகளோடு சேர்த்தே, ‘மை மேஜிக்’.