வசையா, வாதமா?

எதிர்க்கட்சித் தலைவரின் பிறப்பையும் உடலையும் நோயையும் மேடையில் இழுத்துப் பேசினால் கைதட்டல் எழுகிறது. அதற்குப் பெயர் வீரமாம்! நாம் கேட்கிறோம்: அவருடைய கொள்கைக்கு விடை எங்கே, தோழர்களே?

1953-இல் ஆச்சாரியார் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை எண்ணிப் பாருங்கள். கிராமத்துப் பிள்ளைகட்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே பள்ளி. எஞ்சிய பொழுதில் தகப்பன் தொழில். பழவேற்காட்டு ஏரியோரம் பசியாவரத்தில் பிறந்த மீனவச் சிறுவனுக்கு அதன் பொருள் என்ன? ஏடு சிறிது, வலை பெரிது. அவன் பேரனுக்கும் அதே வலை! குலக்கல்வி என்று சாடிப் பெரியார் போர் தொடுத்தார். 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார்; காமராசர் ஆட்சியில் திட்டம் ஒழிந்தது.

அந்தப் போரில் கடுமைக்குக் குறைவில்லை. அன்று எல்லோரும் பன்னீர் தெளித்துப் பேசினர் என்று நாம் கதை கட்டவில்லை. ஆயினும் 1972 டிசம்பரில் ஆச்சாரியார் மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்குக்குச் சென்று கண்ணீர் வடித்தார். கொள்கையில் அணுவளவும் விட்டுக்கொடுக்காமலே!

அவர் வழி வந்தோம் என்பாரின் சட்டமன்றத்தில் 25-3-1989 அன்று நடந்தது என்ன? நிதிநிலை அறிக்கை நாளில் கைகலப்பு. எதிர்க்கட்சித் தலைவர் செயலலிதா கலைந்த கோலத்தில் வெளியேறினார். யார் தொடங்கினர் என்று இரு கழகத்தாரும் இன்றும் வழக்காடுகின்றனர். அன்றைய அறிக்கை பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்கிற்று, மீனவனுக்கு எவ்வளவு ஒதுக்கிற்று என்று கேட்டால், அவர்களுள் விடை சொல்வார் எத்தனை பேர்?