திதி வெண்பாவும் திதியறியாத் துயரும்

பம்பலப்பிட்டியிலோ வெள்ளவத்தையிலோ வாழும் யாழ்ப்பாணத்தவர் வீட்டில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாளன்று வந்தோர்க்குச் சிறுநூலொன்று வழங்கப்படுவதுண்டு. கல்வெட்டு எனப்படும் அந்நூலை இலக்கிய விமர்சகர் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. இறந்தவரின் படம், வம்ச வரலாறு, தேவாரம் என்பவற்றை அடுத்து மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எனச் செய்யுள்கள் வரும். பாடியவர் பலவேளை ஊர்த் தமிழாசிரியர். புலம்புபவளாகக் காட்டப்படுபவளோ ஓரடியும் எழுதியறியாதவள்.

இதனைப் போலித்துயர் என்று ஒதுக்குதல் எளிது. ஆயினும் கவிதை துயரை எவ்வாறு தாங்குகின்றது என ஆராய்வோர் தொடங்கவேண்டிய இடம் இதுவே. கவிஞன் தன் உள்ளத்தைக் கொட்டித் தேறுதல் பெறுகின்றான் என்பது மேனாட்டு மனோரதியக் கொள்கைவழி வந்த எண்ணம். தொல்காப்பியம் காஞ்சித் திணையுள் கூறும் கையறுநிலையிலோ, செயலற்று நிற்றலே துறைக்குப் பெயராயிற்று. பாரி மாண்டபின் கபிலர் பாடியவை ஆறுதல் தேடுவன அல்ல. இழந்த மலையையும் அதன் வளத்தையும் பெயர்சொல்லி நிறுத்துவன.

கல்வெட்டில் இந்நோக்கு மிக எளிய வடிவில் எஞ்சியுள்ளது. புலம்பலினும் முக்கியமானது திதி வெண்பா. ஆண்டு, மாதம், பட்சம், திதி ஆகியவற்றை நான்கடிக்குள் அடக்கும் அது, திவசத்தை எந்நாளிற் செய்வது என்று குடும்பத்துக்கு நினைவூட்டும். கவிநயம் தேடுவோர்க்கு அதில் ஒன்றுமில்லை. ஆனால் அது துயருக்குப் பஞ்சாங்கத்தில் ஓர் இடம் தருகின்றது. எஞ்சிய நாட்களை வாழ்வோர்க்கு விட்டுவிடுகின்றது.

1983 யூலை இவ்வடிவத்தை முறித்தது. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் சரஸ்வதி மண்டபமும் அகதி முகாம்களாயின. பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். உடலும் கிடையாது, இறந்த நாளும் தெரியாது என்ற நிலையில் திதி வெண்பா பாடுவது எங்ஙனம்? காணாமற்போனவருக்கு முப்பத்தோராம் நாள் இல்லை.

1985இல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்த 'மரணத்துள் வாழ்வோம்' தொகுதியிலுள்ள 31 கவிஞர்களின் 82 கவிதைகளும் இப்பின்னணியில் வாசிக்கற்பாலன. அவை அரசியற் கவிதைகள் என்பது சரியே. ஆனால் அவற்றுட் பல இரங்கற்பாக்களுமாகும். சிலவற்றில் இரத்தமும் நெருப்பும் பழைய புலம்பலின் வாய்பாடுகளைப் போலவே தேய்ந்த சொற்களாகிவிட்டன என்பதையும் மறைத்தல் ஆகாது. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டமை குறித்து நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை' இக்குறைக்கு அப்பாற்பட்டது. எரிந்த நூல்களுக்காக அவர் நேரே அழவில்லை. எரித்தோர் வணங்கும் புத்தரையே பிணமாகக் கிடத்துகின்றார். கல்வெட்டுப் புலவன் உறவினர் குரலில் மட்டுமே பாடினான். இங்கோ பகைவனும் இழவு வீட்டுக்காரனாகின்றான்.

எழுதுதல் எழுதுவோரைக் கரையேற்றும் என்ற கூற்றுக்குச் சிவரமணி தடையாக நிற்கின்றார். 1986இல் வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' என்னும் பெண்கவிஞர் தொகுதியில் இடம்பெற்ற அவர், 1991 மே 19இல், தம்மிடமிருந்த கவிதைகளை எரித்துவிட்டுத் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டார். கவிதை அவரைக் கைவிட்டது என்று கூறுதல் பொருந்தாது. அவர் அதனைத் தமக்கு மருந்தாக எழுதியவரல்லர். போர்க்கால இரவு குழந்தைமையை எவ்வாறு பறிக்கின்றது என்பதற்குச் சாட்சியாக எழுதினார். அவர் எரித்தவை போக, பிறர் கையில் எஞ்சியிருந்தவற்றை நண்பர்கள் தேடித் தொகுத்தனர். இருபத்திரண்டு கவிதைகள் கிடைத்தன.