எண்மர் குரலும் இருவர் மூச்சும்

புதிதாகத் தோன்றும் இசையை மதிப்பிடப் புகுவார் இருவகைப் பிழைகளுள் ஒன்றில் வீழ்தல் பெரும்பான்மை. பழைய இலக்கணத்துட் படாமையின் அஃது இசையே அன்றென்று ஒதுக்குவார் ஒரு சாரார். புதிதாய் இருத்தலையே சிறப்பெனக் கொண்டு ஆராயாது புகழ்வார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் செவியாற் கேளாது காலக்கணக்காற் கேட்பவராவர். புதிய இசையிடத்து வினவற்பாலன இரண்டே. அது தான் மேற்கொண்ட நெறியிற் செவ்விதின் இயன்றதோ என்பது ஒன்று. தான் எவரெவரிடத்திருந்து பெற்றதோ அவரை உலகறிய உரைத்ததோ என்பது மற்றொன்று. முன்னது கலையைப் பற்றியது. பின்னது கலைஞர்தம் ஒழுக்கத்தைப் பற்றியது. இவ்விரண்டும் ஒரு படைப்பின்கண் எவ்வாறு பின்னிக் கிடக்கும் என்பதை அமெரிக்க நாட்டு இளங்கலைஞர் ஒருவர்தம் இசைநூலை எடுத்துக்கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

கரோலின் ஷா என்னும் அம்மையார் 1982-ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்துக் கிரீன்வில் நகரிற் பிறந்தவர். வயலினும் வாய்ப்பாட்டும் ஒருங்கு பயின்றவர். ரைஸ், யேல் என்னும் பல்கலைக்கழகங்களிற் கற்றவர். இவர் ‘ரூம்ஃபுல் ஆஃப் டீத்’ என்னும் எண்மர் குழுவிற் பாடுநராய்ச் சேர்ந்தார். ‘அறை நிறைந்த பற்கள்’ என்பது அப்பெயரின் பொருள். கேட்டார் நகைப்பரேனும், பாடுவோர் உடம்பின் உறுப்புக்களே அக்குழுவின் கருவிகள் என்பதை அப்பெயர் நன்கு விளக்கும். இதனை 2009-ஆம் ஆண்டிற் பிராட் வெல்ஸ் என்பார் நிறுவினார். மாசசூசெட்ஸ் மாநிலத்து நார்த் ஆடம்ஸ் என்னும் ஊரில் உள்ள புதுக்கலைக் காட்சிசாலையில் அவர்கள் கோடைதோறும் கூடி, உலகின் பற்பல இனத்தார் குரல் வளத்தைப் பயன்படுத்துமாற்றை, அவ்வவ்வினத்து ஆசிரியரையே வருவித்துக் கற்றனர். தூவா நாட்டு மிடற்றிசையும், கொரிய நாட்டுப் பன்சோரியும், இன்யூட் மக்களின் மூச்சிசையும் அவற்றுட் சில.

அக்குழுவினர் பொருட்டு 2009 முதல் 2011 வரை ஷா அம்மையார் சிறிது சிறிதாக இயற்றியதே ‘எண்மர் குரலுக்கான பார்ட்டிடா’ என்னும் படைப்பு. 2012-ஆம் ஆண்டில் அஃது இசைத்தட்டாய் வெளிவந்தது. 2013-ஆம் ஆண்டில் இசைக்குரிய புலிட்சர் பரிசு அதற்கு அளிக்கப்பட்டது. அப்பொழுது அவர்க்கு ஆண்டு முப்பது; 1943 முதல் வழங்கிவரும் அப்பரிசினை அத்துணை இளமையிற் பெற்றார் அவர்க்கு முன் ஒருவரும் இலர். இது முற்றுமாக ஒரே அரங்கிற் பாடப்பெற்றது பரிசு கிடைத்த பின்னரே, அவ்வாண்டு நவம்பர் திங்களில் நியூயார்க்கு நகரிலாம்.

இனி நூலினுட் புகுவாம். பார்ட்டிடா என்பது ஐரோப்பியர் பழைய ஆடல்களின் பெயரால் தொடுத்த இசைக்கோவை. பதினெட்டாம் நூற்றாண்டிற் செபாஸ்டியன் பாக் என்னும் பேரறிஞர் தனி வயலினுக்கென இயற்றிய பார்ட்டிடாக்கள் வயலின் பயில்வார் யாவரும் அறிந்தன. ஷா அம்மையார் அல்லமாண்ட், சாரபாண்ட், கூராண்ட், பாசகாலியா என்னும் நான்கு பழம்பெயர்களை எடுத்துக்கொண்டார். கருவியை மட்டும் நீக்கினார். வயலினின் இடத்தில் எட்டு மிடறுகள் நின்றன. முதலுறுப்புப் பாட்டால் தொடங்குவதன்று, பேச்சால் தொடங்குவது. கிராமிய ஆடலில் ஆடுவோர்க்கு வழிகாட்டுவார் கூவும் சொற்களும், சால் லெவிட் என்னும் ஓவியர் சுவரில் கோடிழுக்குமாறு எழுதிவைத்த கட்டளைச் சொற்களும் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட, அவ்வாரவாரத்தினின்றும் இன்னிசை திடீரெனப் பூத்தெழுகின்றது.

இதனை வெறும் வேடிக்கை என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. என்னை? இறுதியுறுப்பாகிய பாசகாலியாவை அவர் செவியுறக் கேட்பாராயின் உண்மை விளங்கும். சிறியதோர் அடிநிலையைத் திரும்பத் திரும்பக் கூறி, ஒவ்வொரு முறையும் வேறுபடுத்திக் காட்டுதலே பாசகாலியாவின் பழைய இலக்கணம். அம்மையார் அவ்விலக்கணத்தை மீறினாரல்லர். சில சுரக்கூட்டுக்களை நிரலாக வைத்து அந்நிரலையே மீளமீள வருவிக்கின்றார். வேறுபடுவது சுரமன்று, குரலின் நிறமே வேறுபடுகின்றது. ஒரே சுரக்கூட்டு ஒருகால் வாய் குவித்த ஒலியாயும், ஒருகால் அங்காந்த ஒலியாயும், ஒருகால் நெஞ்சினின்றும் எழும் முழுக்குரலாயும் வருகின்றது. இடையில் அனைவரும் ஒருங்கு பேசத் தொடங்கி அப்பேச்சு இரைச்சலாய்ப் பெருகுகின்றது. இனி இசைக்கு மீட்சியில்லை என்று நாம் கருதும் அளவில் பழைய சுரக்கூட்டு மீண்டும் முழங்குகின்றது. மாறுவனவற்றினூடே மாறாதது ஒன்று நிற்றலைக் காட்டுதல் இசையின் அரிய தொழில்களுள் ஒன்று. அது ஈண்டுச் செவ்விதின் நிகழ்ந்துள்ளது.

குறையும் கூறுதல் வேண்டும். முதலுறுப்பில் பேச்சின்மேற் பேச்சு அடுக்கப்படுதலின் சொற்பொருள் பற்ற இயலாது போகின்றது. சொல் பொருள் பயவாதாயின் அஃது ஒலியளவாய் நிற்கும். ஒலியளவாய் நிற்றற்குச் சொல் எதற்கு என்னும் வினாவிற்கு அவ்வுறுப்பு முழுதும் விடையிறுத்ததாக யாம் கருதவில்லை. மேலும், கற்ற குரல்வகை அனைத்தையும் ஒரு படைப்பினுள்ளே காட்டிவிடல் வேண்டும் என்னும் இளமையின் விரைவு சிற்சில விடங்களில் வெளிப்படுகின்றது. இவை கலைபற்றிய குறைகள். ஆண்டு முதிர முதிரத் தாமே தேய்வன.

ஆண்டு முதிர்தலால் தேயாததொரு குறை கூராண்ட் என்னும் மூன்றாம் உறுப்பைப் பற்றி எழுந்தது. கூராண்ட் என்றால் ஓட்டம். ஈண்டு ஓடுவது மூச்சு. பாடுவோர் மூச்சை உள்வாங்கும் ஒலியும் வெளிவிடும் ஒலியும் தாளமாய் இணைந்து ஓட, அதன்மேல் அமெரிக்கக் கிறித்தவர்தம் பழைய வழிபாட்டுப் பாடலொன்றன் மெட்டு வாய்திறவாத முரலொலியாய் மிதந்து வருகின்றது. இவ்வுறுப்பின் உயிர்நிலை அம்மூச்சோட்டமே. அம்மூச்சோட்டமோ இன்யூட் பெண்டிரது ‘கதஜ்ஜக்’ என்னும் கலையினின்றும் வந்தது.

கதஜ்ஜக் யாதெனின், கானடாவின் வடகோடியில் பனிநிலத்து வாழும் இன்யூட் மகளிர் இருவர் எதிரெதிர் நின்று, ஒருவர் தோளை ஒருவர் பற்றி, மிடற்றொலியும் மூச்சொலியும் கொண்டு ஆடும் இசைவிளையாட்டு. ஒருத்தி சிறு தாள அசை ஒன்றைத் தொடங்க, அதன் இடைவெளியை மற்றவள் நிரப்புவாள். மூச்சு முட்டியோ நகை வந்தோ முதலில் நிறுத்துபவள் தோற்றவள். காற்றும் நீரும் பறவையும் அதில் ஒலிக்கும். கிறித்தவ சமய ஊழியர் அதனை விலக்கி வைத்தமையால் இருபதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் அது மறைந்தொழியும் நிலையில் இருந்தது. முதுபெண்டிர் சிலர் நினைவிற் காத்தமையால் மீண்டும் தழைத்தது. 2014-ஆம் ஆண்டிற் குவிபெக்கு அரசாங்கம் அதனைத் தன் மாநிலத்தின் அருவ மரபுச் செல்வங்களுள் முதலாவதாகப் பதிவு செய்தது.

2019-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் தான்யா தகாக் என்னும் இன்யூட் பாடகியார், தம் மக்களின் கலை இப்படைப்பினுள் உரிய அறிவிப்பின்றி எடுத்தாளப்பட்டது என்று வெளிப்படையாக முறையிட்டார். இவர் புதுமையைப் பகைப்பவர் அல்லர். இருவர் கூடிப் பாடும் அக்கலையைத் தனியொருவராய் நின்று பாடும் புதுநெறி கண்டவர். 2014-ஆம் ஆண்டிற் கானடாவின் போலாரிஸ் பரிசினைப் பெற்றவர். ஆதலின் இம்முறையீடு பழமை விரும்பிகளின் மனக்குறை என்று தள்ளத்தக்கதன்று.

குழுவினர் மறுமொழி கூறினர். எவீ மார்க், அகினிசி சிவுவாராபிக் என்னும் இன்யூட் பாடகியர் இருவரை 2010-ஆம் ஆண்டில் வருவித்து ஊதியம் அளித்துப் பயின்றமையை எடுத்துரைத்தனர். தாம் பெற்றவிடத்தை இன்னும் தெளிவாக உலகிற்கு அறிவித்தல் வேண்டும் என்பதையும் ஒப்புக்கொண்டனர். ஒப்புக்கொண்டது அவர்க்குப் பெருமையே. ஆயினும் இதன்கண் எழும் வாதங்கள் ஆராயத்தக்கன.

“நாதம் யாவர்க்கும் பொது, மூச்சு யாவர்க்கும் பொது, இதற்கு உடையவர் யார்?” என்பது முதல் வாதம். மூச்சு பொதுவே. அம்மூச்சை இன்ன அளவில் வாங்கி இன்ன அளவில் விடுத்து ஒருத்தி விட்ட இடத்தை மற்றொருத்தி நிரப்புமாறு வகுத்த முறை பொதுவன்று. அது தலைமுறை தலைமுறையாகத் தாயரும் மகளிரும் உழைத்துக் கண்டது; தடையுண்ட காலத்தும் இழவாது காத்தது. மண் பொதுவாயினும் குடம் குயவனதே அன்றோ?

“ஊதியம் கொடுத்துக் கற்றனர், இன்னும் என்ன கடன்?” என்பது இரண்டாம் வாதம். ஊதியம் கற்பித்த பொழுதிற்கு விலை. கற்பிக்கப்பட்ட பொருளுக்கு விலையன்று. பொருளுக்கு உரிய கைம்மாறு, ஆசிரியர் இன்னார், மரபு இஃது என்று கூறுதலே. இதனை அக்குழுவினர் தாம் எடுத்தாண்ட ஓவியரிடத்தேனும் கற்றிருக்கலாம். சால் லெவிட் சுவர்ச்சித்திரங்களுக்குக் கட்டளை எழுதுவார், வரைபவர் பிறர். அச்சித்திரங்களின் பதிவுகளில் முதற்கண் வரைந்தோர் பெயரும் குறிக்கப்படுதல் வழக்கம். கோடிழுத்த கைக்கும் பெயர் உண்டெனின், மூச்சளித்த மிடற்றிற்குப் பெயர் இல்லையாகுமோ?

“அங்ஙனமாயின் பிறர் கலையைத் தொடாதிருத்தலே நன்று” என்பது மூன்றாம் வாதம். இதுவும் பொருந்தாது. கொள்வாரும் கொடுப்பாரும் இன்றி எந்நாட்டிசையும் வளர்ந்ததில்லை. ஷா அம்மையார் கைக்கொண்ட ஆடல்களே செருமானியம், பிரஞ்சு, இஸ்பானியம் என்னும் பல நிலத்துப் பெயர்கள். ஆயின் ஒரு வேற்றுமை உண்டு. ஐரோப்பிய ஆடல்களைக் கொண்டபொழுது அவற்றின் பெயரையும் உடன்கொண்டார். அப்பெயர் உறுப்பின் தலைப்பில் நிற்கின்றது. இன்யூட் மகளிர் கலையைக் கொண்டபொழுது மூச்சு உள்ளே வந்தது. பெயர் தலைப்பில் ஏறவில்லை. இவ்வொன்றே முறையீட்டின் சாரம் என்பது எம் கருத்து. அவர்தம் கலையைத் தடுத்த சமயத்தாருடைய பாடன்மெட்டு வகை மேலே நிற்க, தடுக்கப்பட்டோர் மூச்சு பெயரின்றிக் கீழே நிற்பின், கேட்கும் இன்யூட் உள்ளம் எத்துணை நோம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இசையமைத்தவர் அதனைக் கருதிச் செய்தார் என்று யாம் கூறவில்லை. கருதாது செய்வன கருதிச் செய்வனவற்றினும் நெடிது நிலைத்தல் உண்டு.

நம் அன்பர்க்கு இவ்விடத்து யாழ்ப்பாண நாயனார் வரலாறு நினைவிற்கு வாராதிராது. தருமபுரத்தில் அவர்தம் சுற்றத்தார், ஆளுடைய பிள்ளையார் திருப்பதிகத்தின் இசைப்பெருமை இவர் யாழில் இட்டு வாசித்தலான் வந்தது என்று கூறினர். பிறர்க்குரிய புகழ் தம்மேல் ஏற்றப்பட்டதை நாயனார் பொறாராயினார். யாழில் அடங்காத திருப்பதிகம் ஒன்று அருளுமாறு பிள்ளையாரை வேண்டினார். அடங்காமை கண்டு யாழையே முறிக்கப் புக்கார். பிள்ளையார் அதனைத் தடுத்து, இயன்ற அளவில் வாசிக்குமாறு அருளினார். புகழ் மிகையாய் வந்தவிடத்துத் தம் கருவியையும் முறிக்கத் துணிந்த உள்ளமே இசைவாணர்க்கு உரைகல். பின்னாளில் திருமுறைகள் கண்டெடுக்கப்பட்டபொழுது பண்முறை அறியப்பட்டதும் அந்நாயனார் மரபில் திருவெருக்கத்தம்புலியூரிற் பிறந்த பெண்மணியார் ஒருவர் வாயிலாகவே என்று திருமுறைகண்ட புராணம் கூறும். அரசனும் நம்பியும் செய்த அரும்பணியைப் பாடிய அந்நூல் அம்மரபையும் ஊரையும் மறவாது உரைத்தது காண்க.

ஆகவே எம் தீர்ப்பு இது. பார்ட்டிடா இந்நூற்றாண்டின் இளங்கலைஞர் படைப்புக்களுள் உறுதியாகச் செவிமடுக்கத்தக்கது. பாசகாலியா ஒன்றே அதனை நிலைநிறுத்தப் போதுமானது. கூராண்டும் அழகுடையதே. அதன் அழகிற்பாதி வடபனி நிலத்து மகளிர்க்கு உரியது. அதனைக் கேட்பிப்போர் ஒவ்வொரு முறையும் அவ்வுண்மையைக் கேட்போர்க்கு அறிவித்தே பாடுதல் வேண்டும். கேட்போரும் கூராண்டோடு நில்லாது, இன்யூட் மகளிர் இருவர் நேர்நின்று பாடும் கதஜ்ஜக்கையும் தேடிக் கேட்டல் வேண்டும். அதனைக் கேட்டபின் கூராண்டின் அழகு குறையாது. எங்கிருந்து வந்ததென்று அறிந்த செவிக்கு மிகும்.

புதிய இசை இயற்றப் புகும் இளைஞர் எந்நாட்டவராயினும் அவர்க்கு யாம் கூறுவது: அஞ்சாது கற்க, பரந்து கொள்க, கொண்டதைத் தமதாக ஆக்குக. ஆயின் ஏட்டின் முகப்பில் தம் பெயரை எழுதும் கை, தமக்கு மூச்சளித்தார் பெயரையும் அவ்வேட்டிலேயே எழுதுக. அதனால் அவர் புகழ் தேயாது. எழுதாதொழியின் அவ்விடம் வெற்றிடமாய் நின்று, பாடுந்தோறும் கேட்போர்க்கு அக்கடனை நினைப்பித்துக்கொண்டேயிருக்கும்.